பறக்கும்போது விமானத்தில் காற்று போனால் என்ன நடக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் யாராவது ஒருவர் வெளிநாட்டில் இல்லாத வீடு குறைவு. கல்முனையிலிருந்து கட்டாருக்கு, ஏறாவூரிலிருந்து உம்றாவுக்கு, களுவாஞ்சிக்குடியிலிருந்து லண்டனில் இருக்கும் மகளிடம் என்று இரவு பஸ் பிடித்துக் கட்டுநாயக்கவுக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். நான் வளைகுடாவில் ஒரு விமானப் பராமரிப்புக் கூடத்தில் தகடு வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவன். அதனால் கல்யாண வீடானாலும் மரண வீடானாலும் யாராவது வந்து பக்கத்தில் உட்கார்ந்து பிளேனைப் பற்றித்தான் கேட்பார்கள். 2024 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு விமானத்தின் பக்கச்சுவர்த் துண்டு நடுவானில் கழன்று போன வீடியோ எல்லோருடைய போனிலும் வந்த பிறகு, இந்த ஒரு விஷயத்தைப் பற்றிய கேள்விகள் கூடிவிட்டன. கேட்டவற்றையும் சொன்னவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

விமானத்துக்குள் ஏன் காற்றை அடைத்து வைக்க வேண்டும்? வெளியில்தான் காற்று இருக்கிறதே?

இருக்கிறது, ஆனால் போதாது. 35,000 அடியில் காற்றின் அமுக்கம் கடல்மட்டத்தில் இருப்பதன் கால்வாசிக்கும் குறைவு. அந்தக் காற்றை எவ்வளவு வேகமாக மூச்சிழுத்தாலும் மூளைக்குத் தேவையான ஒட்சிசன் இரத்தத்தில் ஏறாது. வெளியே குளிரும் சைபருக்குக் கீழே 50 பாகையைத் தாண்டும். அவ்வளவு உயரத்தில் பறந்தால் எரிபொருள் மிச்சம், மழை மேகம் பெரும்பாலும் கீழே போய்விடும். அதனால் விமானம் மேலேதான் போகும், நமக்கு வேண்டிய காற்றை உள்ளே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலான விமானங்களில் எஞ்சின் அழுத்திய காற்றில் ஒரு பங்கை எடுத்து, குளிராக்கி உள்ளே விடுகிறார்கள். போயிங் 787இல் மட்டும் அதற்கென்று மின்சாரத்தில் ஓடும் தனி இயந்திரம் இருக்கிறது. உள்ளே வந்த காற்று வால் பக்கத்தில் உள்ள ஒரு வால்வு வழியாக வெளியே போய்க்கொண்டே இருக்கும். அந்த வால்வைக் கொஞ்சம் திறந்தும் மூடியும்தான் அமுக்கத்தைச் சரியான அளவில் வைக்கிறார்கள். ஆக, விமானம் முழுக்க அடைத்துப் பூட்டிய பெட்டி என்று நினைக்க வேண்டாம். அதில் எப்போதும் ஓர் ஓட்டை திறந்தே இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றப் பதில்கள் எல்லாம் சுலபமாக விளங்கும்.

உள்ளே இருப்பது நம்முடைய ஊர்க்காற்று மாதிரியா?

இல்லை, மலைநாட்டுக் காற்று. விதிப்படி உள்ளே 8,000 அடி உயரத்தில் இருக்கும் அமுக்கத்துக்குக் கீழே போகக்கூடாது. பீதுருதலாகல மலை உச்சி 2,524 மீற்றர், அதாவது ஏறத்தாழ 8,280 அடி. பழைய வகை விமானத்தில் நீங்கள் நான்கு ஐந்து மணித்தியாலம் அந்த உச்சிக்குக் கொஞ்சம் கீழே உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளலாம். 787, எயார்பஸ் 350 போன்றவற்றில் 6,000 அடி அளவு, கிட்டத்தட்ட நுவரெலியா. மகியங்கனையிலிருந்து கண்டிக்குப் பதினெட்டு வளைவு ஏறும்போது காது அடைக்கிறதே, விமானம் ஏறும்போதும் அதே காரணத்தால்தான் அடைக்கிறது.

நான் உயர்தரத்தில் பௌதிகம் படிக்கிறேன். விமானத்தின் சுவர் எவ்வளவு தாங்குகிறது என்று கணக்காகச் சொல்ல முடியுமா?

அம்பாறையிலிருந்து ஒரு தம்பி கேட்டது. கணக்கு வேண்டாதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவலாம்.

உள்ளே ஏறத்தாழ 75 கிலோபஸ்கால். வெளியே 36,000 அடியில் 23 அளவு. வித்தியாசம் 50 கிலோபஸ்காலுக்கு மேல், விமானத்தைப் பொறுத்து 60ஐத் தாண்டியும் போகும். 55 என்று எடுத்தால், சுவரின் ஒவ்வொரு சதுர மீற்றரையும் ஐந்தரைத் தொன் உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. ஒரு வாசல் கதவின் மேல் மட்டும் எட்டுத் தொன் அளவில் விழும்.

உடல் ஏன் உருளை? வட்டமாக இருந்தால் அமுக்கம் தகட்டை வளைக்காமல் இழுக்க மட்டும் செய்யும். மெல்லிய தகடு வளைவதற்குத்தான் பயப்படும், இழுப்பதைத் தாங்கிக்கொள்ளும். சுற்றுவழித் தகைப்பு என்பது அமுக்கத்தை ஆரையால் பெருக்கித் தடிப்பால் வகுத்தது. ஆரை 1.9 மீற்றர், தடிப்பு 1 மில்லிமீற்றர் என்று போட்டுப் பாருங்கள், 100 மெகாபஸ்காலுக்குச் சற்று மேலே வரும். அந்த அலுமினியக் கலப்புலோகம் 300க்கு மேல் போனால்தான் நிரந்தரமாக நீளத் தொடங்கும். நீளவாக்கில் வரும் தகைப்பு இதில் பாதிதான். ஓம், தகட்டின் தடிப்பு ஒரு மில்லிமீற்றர்தான். முதன்முதலில் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் கொஞ்சம் வயிறு கலங்கும். பல இடங்களில் அதைவிடத் தடிப்பாக இருக்கும், உள்ளே வளையங்களும் நீளச் சட்டங்களும் வேறு தாங்கும்.

இவற்றுக்கு மேலே, அமுக்கத்துக்காக மட்டும் பார்க்கும்போது உடல் அதன் உச்ச அமுக்கத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கைத் தாங்க வேண்டும் என்பது விதி. அமுக்கம் தவறுதலாகக் கூடினால் தானாகத் திறக்கும் பாதுகாப்பு வால்வும் உண்டு.

அவ்வளவு மெல்லிய தகடு ஓரிடத்தில் கிழிந்தால் முழுவதும் கிழிந்து போகாதா?

என்னிடம் வரும் கேள்விகளில் மிக நல்ல கேள்வி இதுதான். விமானம் செய்பவர்களும் இதே கேள்வியில்தான் மிகவும் பட்டுத் தேறினார்கள்.

உலகின் முதல் பயணிகள் ஜெட் விமானமான கொமெட் 1952 மே மாதம் சேவைக்கு வந்தது. அதே ஆண்டு கொழும்புக்கும் வந்து போனது. 1954 ஜனவரி 10ஆம் திகதி ஒரு கொமெட் இத்தாலியின் எல்பா தீவுக்கு அருகே நடுவானில் உடைந்து கடலில் விழுந்தது. ஏப்ரல் 8ஆம் திகதி இன்னொன்று நாப்பிளிஸ் அருகே விழுந்தது. காரணம் தேட, இங்கிலாந்தின் ஃபான்பரோவில் ஒரு முழு விமான உடலைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, உள்ளேயும் தண்ணீர் நிரப்பி, அமுக்கத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தார்கள். தண்ணீர் ஏன் என்றால் அது சுருங்காது. உடல் வெடித்தாலும் துண்டுகள் சிதறாமல் வெடிப்பு எங்கே தொடங்கியது என்று அப்படியே பார்க்கலாம். அந்த உடல் முன்பு பறந்த பறப்புகளையும் தொட்டியில் செய்தவற்றையும் சேர்த்து 3,057ஆவது தடவையில் கிழிந்தது. கிழிசல் தொடங்கிய இடம் ஒரு திறப்பின் மூலை. மூலைகளிலும், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் துளைகளிலும் தகைப்பு, அதாவது தகட்டை இழுக்கும் பாரம், குவிந்து, ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது. ஒரு அளவைத் தாண்டியதும் தடுக்க ஒன்றும் இல்லாமல் ஓடிவிட்டது.

அதன் பிறகு சிந்தனையே மாறியது. கிழியாத விமானம் செய்கிறோம் என்ற கனவை விட்டுவிட்டு, கிழியும் என்று வைத்துக்கொண்டு, கிழிசல் ஓடாமல் நிற்க என்ன வழி என்று பார்த்தார்கள். மருதமுனைச் சாரத்தைக் கிழித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கரை வரும்போது கை வலிக்கும், கிழிசல் அங்கே நின்றுவிடும். விமானத் தகட்டிலும் அரை மீற்றர் அளவு இடைவெளிக்கு ஒரு வளையமும், பல விமானங்களில் அதனுடன் சேர்த்து ஒட்டிய ஒரு பட்டியும் அந்தக் கரையின் வேலையைச் செய்கின்றன. வெடிப்பு அங்கே வந்தால் திரும்பும். ஒரு சதுரத் துண்டு மடல் போல வெளியே மடியும், காற்று போகும், அமுக்கம் இறங்கும். அமுக்கம் இறங்கினால் கிழிக்கும் விசையும் இல்லை. 2011 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரு போயிங் 737இன் கூரையில் ஐந்தடி நீளத்துக்குக் கிழிந்தது, விமானம் இறங்கியது, எல்லோரும் தப்பினார்கள்.

இந்த முறை தோற்ற இடமும் உண்டு. 1988 ஏப்ரல் 28, ஹவாய் தீவுகளில் அலோகா விமான சேவையின் 737 ஒன்று 24,000 அடியில் பறக்கும்போது முன்பக்கக் கூரை 18 அடி நீளத்துக்குப் பறந்து போனது. அது தீவுக்குத் தீவு தாவும் விமானம், ஒருநாளில் பல தடவை ஏறி இறங்குவது. 89,680 பறப்புகள் முடித்திருந்தது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பொருத்தில் ஒட்டு விட்டு, கடற்காற்றின் ஈரம் புகுந்து அரித்து, அடுத்தடுத்த ரிவெட் துளைகளில் சின்னச் சின்ன வெடிப்புகள் வந்திருந்தன. ஒரு நீள வெடிப்பைத் தடுக்கும் பட்டி, வரிசையாக நூறு சின்ன வெடிப்புகள் ஒரே நேரத்தில் கைகோத்தபோது தடுக்கவில்லை. உப்புக்காற்று என்ன செய்யும் என்று கல்லடியிலும் ஒலுவிலிலும் வீடு கட்டியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகுதான் வயதான விமானங்களின் பொருத்துகளை மின்கருவி வைத்துத் தேடிப் பார்ப்பது கடுமையானது.

அந்த விமானமும் 13 நிமிடத்தில் மாவுயி தீவில் பத்திரமாக இறங்கியது. இறந்தது ஒரேயொருவர், நடைபாதையில் நின்று பரிமாறிக்கொண்டிருந்த பணிப்பெண். பயணிகள் எல்லோரும் பெல்ட் போட்டிருந்தார்கள்.

யன்னல் உடைந்தால்?

நீங்கள் கைவைத்துப் பார்க்கும் உள்பக்கப் பிளாஸ்டிக் வெறும் உறை. அதற்கு அப்பால் இரண்டு தடித்த அக்ரிலிக் தகடுகள் இருக்கின்றன. வெளித்தகடு பாரத்தைத் தாங்கும், அது போனால் அடுத்தது தாங்கும். அடியில் தெரியும் ஊசித்துளையைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அது வேண்டுமென்றே போட்டது. பாரம் வெளித்தகட்டில் விழவும், பனி படியாமல் இருக்கவும் அந்தத் துளை.

ஓர் ஓட்டை விழுந்தால் ஆட்களை உறிஞ்சி எடுத்துவிடும் என்கிறார்களே?

சினிமாவில் நடப்பதுபோல் விமானம் முழுவதும் உள்ளவர்களை இழுத்துக் கொட்டாது. ஓட்டையின் அளவைப் பொறுத்தது. விரல் நுழையும் ஓட்டை என்றால் சத்தம்தான் பெரிதாக இருக்கும், வால் பக்கத்து வால்வு கொஞ்சம் மூடிக்கொண்டு சமாளித்துவிடும். ஒரு யன்னல் அளவு என்றால், நடுத்தர விமானத்தில் காற்றின் பெரும்பகுதி வெளியேற ஒரு பத்துப் பதினைந்து செக்கன் எடுக்கும் என்று கணக்கு வருகிறது. அந்த நேரத்தில் ஓட்டைக்கு ஒரு கை தூரத்தில் இருப்பவருக்கு இழுவை பயங்கரமானது. 2018 ஏப்ரல் 17இல் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமானம் ஒன்றில் எஞ்சின் விசிறித் தகடு முறிந்து, அதனால் சிதறிய எஞ்சின் உறையின் துண்டு யன்னலை உடைத்தபோது, பக்கத்தில் பெல்ட் போட்டிருந்த பெண்ணின் மேலுடம்பு வெளியே போனது. உள்ளே இழுத்தெடுத்தார்கள், ஆனாலும் உயிர் தப்பவில்லை. நான்கைந்து வரிசை தள்ளி இருந்தவர்களுக்குக் காற்றும் குளிரும் தூசியும்தான்.

அமுக்கம் சமப்பட்டதும் இழுவை நின்றுவிடும்.

அந்த 2024 வீடியோவில் நடந்தது என்ன?

ஜனவரி 5, அலாஸ்கா எயர்லைன்ஸ், போயிங் 737 மெக்ஸ் 9. அந்த மாதிரியில் கூடுதல் அவசர வாசலுக்கு இடம் விட்டிருப்பார்கள். இருக்கைகள் குறைவாக வாங்கும் விமான சேவைகளுக்கு அந்த இடத்தை ஓர் அடைப்பால் மூடிக் கொடுப்பார்கள். அந்த அடைப்பு மேலே நகராமல் பிடிக்க நான்கு போல்ட்டுகள் வேண்டும். விமானத் தொழிற்சாலையில் ரிவெட் திருத்த அடைப்பைத் திறந்தவர்கள், மூடும்போது அந்தப் போல்ட்டுகளைப் போடவில்லை. கிட்டத்தட்ட 15,000 அடியில் அடைப்பு போனது. பக்கத்து இரண்டு இருக்கைகளும் அன்று காலியாக இருந்தன. யாரும் இறக்கவில்லை. வெளியே விழுந்த போன் ஒன்று தரையில் வேலை செய்யும் நிலையில் கிடைத்தது. நம்மவர்கள் அதிகம் பேசியது அந்தப் போனைப் பற்றித்தான்.

இன்னும் இருபதாயிரம் அடி மேலே, எல்லோரும் பெல்ட்டைக் கழற்றி நடமாடும் நேரத்தில் நடந்திருந்தால் கதை வேறு.

யாராவது பைத்தியக்காரன் கதவைத் திறந்துவிட்டால்?

மேலே பறக்கும்போது முடியாது. பெரும்பாலான கதவுகள் அந்த வாசலைவிடப் பெரியவை, அல்லது உள்பக்கம் நகர்ந்த பிறகே வெளியே திறப்பவை. கதவை வெளியே தள்ளும் எட்டுத் தொன்னை எதிர்த்து உள்ளே இழுக்க எந்தப் பயில்வானாலும் ஆகாது. தரைக்குக் கிட்ட வந்துவிட்டால் அமுக்க வித்தியாசம் இல்லாததால் திறக்க இடமுண்டு. 2023 மே 26இல் தென்கொரியாவில் ஒரு பயணி இறங்கும் நேரத்தில், தரையிலிருந்து 200 மீற்றர் அளவு உயரத்தில் திறந்தேவிட்டார். விமானம் பத்திரமாக இறங்கியது.

சரக்கறைக் கதவுகளில் சில வெளிப்பக்கமாகத் திறப்பவை, அவற்றுக்குப் பூட்டுதான் எல்லாம். 1974 மார்ச் 3இல் பாரிஸுக்கு அருகே துருக்கி விமானம் ஒன்றின் சரக்கறைக் கதவு பூட்டாமல் போய்ப் பறந்தது. கீழே காற்று போய்விட்டது, மேலே பயணிகள் அறையில் அமுக்கம் அப்படியே இருந்தது. நடுவில் இருந்த தரை அந்தப் பாரத்தில் உடைந்து, அதனூடாகப் போன கட்டுப்பாட்டுக் கம்பிகளும் போய், 346 பேர் இறந்தார்கள். இப்போது தரை அப்படி உடையாமல் இருக்க, மேலும் கீழும் காற்று வேகமாகச் சமப்படும் வழிகள் விடப்பட வேண்டும். காலடியில், சுவர் ஓரமாகச் சின்னச் சின்னத் திறப்புகள் தெரியும் விமானங்களில் பையை வைத்து அவற்றை அடைக்காதீர்கள் என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். பை வைத்தால் விமானம் விழாது, உண்மைதான். இருந்தாலும் என் தொழில் புத்தி.

உண்மையாகவே காற்று போனால் உள்ளே எப்படி இருக்கும்?

படார் என்று ஒரு சத்தம். காது அடைத்துத் திறக்கும். உடனே அறை முழுவதும் வெள்ளையாகப் புகை போல வரும். அது புகையில்லை, காற்று திடீரென விரிந்து குளிர்வதால் அதிலிருந்த ஈரம் மூடுபனியாவது. சில செக்கனில் கலைந்துவிடும். குளிரும், கடதாசிகள் பறக்கும், வயிற்றில் காற்று ஏறும். மூச்சை மட்டும் அடக்காதீர்கள், நெஞ்சுக்குள் இருக்கும் காற்றும் விரியும், அதை வெளியே விட வேண்டும்.

அறையின் அமுக்கம் 14,000 அடி அளவுக்குக் குறைந்ததும் மாஸ்க்குகள் தாமாகவே விழும்.

மாஸ்க்கில் காற்று வரவில்லை, பை ஊதவில்லை என்றால்?

பை ஊதாவிட்டாலும் ஒட்சிசன் வந்துகொண்டிருக்கலாம், அதைப் பார்த்துப் பதறி மாஸ்க்கைக் கழற்றிவிட வேண்டாம். பல விமானங்களில் தலைக்கு மேலே ஒரு சின்ன உருளைக்குள் சோடியம் குளோரேற்று இருக்கும். மாஸ்க்கை நீங்கள் கீழே இழுக்கும்போது ஓர் ஊசி கழன்று, அது எரிந்து ஒட்சிசனைத் தரத் தொடங்கும். இழுக்காவிட்டால் வராது, அதுதான் முக்கியம். எரிவதால் உருளை நன்றாகச் சூடாகும், கருகும் மணம் வரலாம், தீப்பிடித்துவிட்டது என்று நினைக்கத் தேவையில்லை. பொதுவாக 12 நிமிடத்துக்குக் குறையாமல் வரும். தொடங்கினால் நிறுத்த முடியாது.

மூக்கையும் வாயையும் சேர்த்து மூட வேண்டும். சவுத்வெஸ்ட் படங்களில் பாதிப் பேர் வாயை மட்டும் மூடிக்கொண்டு இருந்தார்கள். தாடி, முகத்திரை, ஹிஜாப் ஊசி எதுவானாலும் அந்தப் பத்து நிமிடத்துக்கு விளிம்பு முகத்தில் நன்றாகப் படுகிறமாதிரிப் பிடியுங்கள்.

பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது தாய் முதலில் தனக்குப் போட வேண்டும் என்பது எந்த நியாயம்?

ஒரு அக்கா கோபமாகவே கேட்டார். 35,000 அடியில் காற்று போனால், தெளிவாக யோசித்துக் கை காரியம் செய்யக்கூடிய நேரம் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரைதான். திடீரென்று போனால் அதிலும் பாதியாகும். 40,000 அடியில் 15, 20 செக்கன். அந்த நேரத்தைப் பிள்ளை அடம்பிடித்து முகத்தைத் திருப்புவதில் செலவழித்தால், இரண்டு பேருக்கும் போட ஆள் இருக்காது. உங்களுக்குப் போட ஐந்து செக்கன் போதும். பிறகு ஆறுதலாகப் பிள்ளைக்குப் போடலாம். பிள்ளை சிறிது நேரம் மயங்கினாலும் மாஸ்க் போட்டதும் எழும்பிவிடும். மயங்கிய தாய்க்குப் போட அந்தப் பிள்ளையால் முடியாது அக்கா.

அப்புறம் விமானம் தலைகீழாக விழுமா?

விழுவதுபோலத்தான் இருக்கும், ஆனால் ஓட்டுநர்களே இறக்குகிறார்கள். முதலில் தங்கள் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, இறக்கையின் மேல் தடுப்புத் தகடுகளைத் தூக்கி, நிமிடத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் அடி என்று 10,000 அடிக்குக் கொண்டுவருவார்கள். விமானம் அதிரும், இரையும். நான்கைந்து நிமிடத்தில் மாஸ்க் இல்லாமல் மூச்சுவிடலாம். கொழும்பிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் வழியில் மலை ஒரு பிரச்சினை இல்லை. தென்னிந்தியா, பிறகு அரபிக்கடல், பிறகு ஓமான். இடையில் இறங்க நேர்ந்தால் கொச்சி, மும்பை, மஸ்கட் என்று இடம் இருக்கிறது. தாழப் பறந்தால் எரிபொருள் கூடுதலாகப் போகும் என்பதையும், கடலுக்கு மேலான நீண்ட பயணங்களில் முன்கூட்டியே கணக்கில் எடுத்துத்தான் நிரப்புகிறார்கள். திபெத் போன்ற உயர்ந்த மலைகளுக்கு மேல் 12 நிமிட உருளை போதாது, அங்கே கூடுதல் ஒட்சிசனும் முன்பே வரைந்து வைத்த தப்பும் வழியும் வேண்டும்.

இவற்றில் எது மிக ஆபத்து?

என்னைக் கேட்டால், சத்தமே இல்லாமல் போவது. படார் என்று போனால் எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் மாஸ்க்கைத் தேடுவார்கள். 2005 ஆகஸ்ட் 14, சைப்பிரஸின் ஹீலியோஸ் விமானம் லார்னக்காவிலிருந்து ஏதென்ஸுக்குப் புறப்பட்டது. முந்திய இரவு பராமரிப்பில் கசிவு பார்ப்பதற்காக அமுக்கக் கட்டுப்பாட்டை ஆள் இயக்கும் நிலைக்குத் திருப்பியவர்கள் அதை அப்படியே விட்டிருந்தார்கள். ஓட்டுநர்களும் பறக்கும் முன் கவனிக்கவில்லை. ஏற ஏற உள்ளேயும் அமுக்கம் குறைந்துகொண்டே போனது. எச்சரிக்கை ஒலி வந்தபோது அதே ஒலி வேறொரு கோளாறுக்கும் வருவதால் அதுவென்று நினைத்தார்கள். ஒட்சிசன் குறைந்த மூளைக்குத் தான் குறைந்திருப்பது தெரியாது, கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருக்கும். பயணிகள் பக்கத்தில் மாஸ்க் விழுந்தது, ஓட்டுநர்கள் மயங்கினார்கள், விமானம் தானியங்கியில் ஏதென்ஸுக்கு அருகே சுற்றிச் சுற்றி, எரிபொருள் முடிந்து மலையில் விழுந்தது. 121 பேர்.

விமானத்தில் ஓர் ஓட்டையும் இல்லை, ஒரு தகடும் கிழியவில்லை. மாஸ்க் விழுந்தும் விமானம் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால், பணியாளர்களிடம் உடனே கேளுங்கள்.

மட்டக்களப்பு விமான நிலையத்திலிருந்து போகும் சின்னப் பிளேனில் மாஸ்க் இருக்குமா?

2018இல் உள்ளூர்ப் பயணத்துக்குத் திறந்த பிறகு அங்கே வந்துபோனது செஸ்னா கரவான் மாதிரியான ஒற்றை எஞ்சின் விமானம். அதில் காற்றை அடைப்பதே இல்லை. தாழத்தான் பறக்கும், உள்ளேயும் வெளியேயும் ஒரே அமுக்கம். போவதற்கு ஒன்றும் இல்லாததால் மாஸ்க்கும் விழாது.

ஹெர்மிஸ் கப்பலைப் பார்க்கக் கடலுக்குள் இறங்கிவிட்டு அடுத்த நாள் பறக்கலாமா?

1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்தக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. அவ்வளவு ஆழத்தில் உடம்பில் நைதரசன் நிறையக் கரையும், மேலே வரும்போதே இடையிடையே நின்று வர வேண்டும். அதன்பின் 8,000 அடி அமுக்கத்தில் போய் உட்கார்ந்தால், மிச்சம் இருக்கும் நைதரசன் மூட்டிலும் முதுகுத்தண்டிலும் குமிழியாகலாம். சாதாரணமாகப் பல தடவை இறங்கியவர்களுக்கு 18 மணித்தியாலம், இப்படி நின்று வரவேண்டிய ஆழத்துக்குப் போனவர்களுக்கு 24 மணித்தியாலத்துக்கு மேல் என்பது பொதுவான அறிவுரை. மலைப்பாதையால் கண்டிக்கு ஏறுவதைப் பற்றியும் முக்குளிப்பு நிலையத்தில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

தடிமன் இருந்தால் பறக்கலாமா? ஊறுகாய்ப் போத்தல் ஏன் ஒழுகுகிறது?

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், அறையின் அமுக்கம் ஏறி இறங்குவது. கடும் தடிமன் என்றால் டொக்டரிடம் கேளுங்கள், இறங்கும்போது காது வலிதான் மோசம். கைக்குழந்தைக்கு இறங்கும் நேரத்தில் பால் கொடுங்கள். போத்தலைக் கழுத்துவரை நிரப்பாமல், மூடியை இறுக்கி, பொலித்தீன் பையில் கட்டுங்கள். சரக்கறையிலும் பயணிகள் அறையின் அதே அமுக்கம்தான், அதனால் பெட்டிக்குள் போட்டாலும் ஒழுகும்.

பராமரிப்பில் பிழை விட்டால் எல்லாம் வீண்தானே?

ஓம், பெரும்பகுதி அங்கேதான் தங்கியிருக்கிறது. ஜப்பானில் 1978இல் வால் தரையில் உரசிய 747 ஒன்றின் பின்சுவரைத் திருத்தியபோது, இரண்டு வரிசை ரிவெட் தாங்க வேண்டிய இடத்தை ஒரு வரிசையே தாங்கும்படி ஒட்டுத்தகட்டை வைத்துவிட்டார்கள். ஏழு ஆண்டுகள் பறந்தது. 1985 ஆகஸ்ட் 12இல் அந்தச் சுவர் வெடித்து வாலைக் கொண்டுபோனது, 520 பேர் இறந்தார்கள், தப்பியது நான்கு பேர். 1990இல் பிரிட்டிஷ் எயர்வேஸ் விமானம் ஒன்றின் முன்கண்ணாடி 17,000 அடியில் கழன்று, தலைமை ஓட்டுநரின் பாதி உடம்பு வெளியே போனது. பணியாளர்கள் காலைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை ஓட்டுநர் இறக்கினார். அவர் உயிர் பிழைத்தார். கண்ணாடியின் 90 திருகாணிகளில் 84 ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான அளவு ஒல்லியானவை. முந்தின நாள் பொருத்தியவர் பழைய திருகாணியைக் கண்ணால் ஒப்பிட்டு எடுத்திருந்தார், பட்டியலைப் பார்க்கவில்லை. கூடத்தில் புதிதாக வரும் பையன்களுக்கு நான் சொல்லும் முதல் கதை இதுவாகத்தான் இருந்தது.

பயணியாக நான் ஏதாவது பார்த்தால் யாரிடம் சொல்வது? எனக்கு ஆங்கிலமும் வராதே?

அலோகா விமானத்தில் ஏறும்போது ஒரு பயணி வாசலுக்குப் பக்கத்தில் தகட்டில் வெடிப்பைக் கண்டார். விமானக்காரர்களுக்குத் தெரியாததா என்று பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் அப்படி இருக்க வேண்டாம். வெடிப்பு, கழன்ற ஆணி, இறக்கையில் ஒழுகல், கதவோரம் விசிலடிக்கும் சத்தம், எதுவானாலும் பணியாளரைக் கூப்பிட்டு விரலால் காட்டுங்கள். மொழி தேவையில்லை. ஓடத் தொடங்குவதற்கு முன்னால் என்றால் இன்னும் நல்லது. பத்தில் ஒன்பது தடவை ஒன்றுமில்லை என்றுதான் வரும், யன்னலின் ஊசித்துளையைக் காட்டியவர்களும் இருக்கிறார்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள்.